வேலை போன வீட்டில் முதல் வாரம்

என் அப்பா வேலை பார்த்த கம்பெனி வட சென்னையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்தது. ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர்களை கேட்டிலேயே நிறுத்தி, ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார்கள். அப்பா அதை வீட்டில் சொல்லவில்லை. அடுத்த 22 நாள், அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினார். காசிமேட்டில் கடல் அரிக்காமல் இருக்கப் போட்டிருக்கும் பாறைகள்மேல் உட்கார்ந்துவிட்டு, ஷிப்டு முடியும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். "அண்ணனுக்கு வேலை போயிடுச்சாமே, பாக்கியைக் கொஞ்சம் பாருங்கம்மா" என்று மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டபோதுதான் அம்மாவுக்கே தெரிந்தது. அதற்குள் அப்பா தண்டலுக்கு (தினமும் வந்து வசூலிக்கும் வட்டிக் கடன்) 5,000 வாங்கி, சம்பளம் என்று சொல்லி அம்மா கையில் கொடுத்திருந்தார். அந்தத் தண்டலை அடைக்க இன்னொரு தண்டல், அதை அடைக்க மூன்றாவது. எல்லாம் முடிய நாலு வருஷம் ஆனது. என் படிப்பும் பத்தாவதோடு நின்றது.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கும் அதே நிலைமை வந்தது. அவர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் இறக்கி ஏற்றுவது நின்றது. ராயபுரம் பக்கம் கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கரி படிந்த காலம் அது. தூசு நின்றது நல்லதுதான், பிள்ளைகளின் இருமல் குறைந்ததை நானே பார்த்தேன். ஆனால் தூசோடு சேர்ந்து லோடும் போனது. அவர் அன்று ராத்திரியே என்னிடம் சொல்லிவிட்டார். அப்பா பட்ட பாட்டில் பாதிகூட நாங்கள் படவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே வித்தியாசம் அந்த ஒன்றுதான்.

நான் கொருக்குப்பேட்டையில் காலையில் இட்லிக் கடை போடுகிறேன், மாவும் விற்கிறேன். பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடியபோதும் சரி, எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் நின்றபோதும் சரி, அந்த வேலையை நம்பியிருந்த வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார்கள். என்ன செய்தால் வீடு தாங்குகிறது, என்ன செய்தால் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வேலை போனவர்களும் படிக்கலாம், பக்கத்து வீட்டில் வேலை போனவர் இருந்தால் நீங்களும் படிக்கலாம்.

முதல் நாள்: சொல்லிவிடுங்கள்

அன்றே வீட்டில் சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேல் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவர்கள் எப்படியும் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் என்னவென்று தெரியாமல் பயப்படுவார்கள். என் மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, "அப்பா இனிமே வீட்லதான் இருப்பாரா?" என்பதுதான். அதில் அவளுக்குச் சந்தோஷம்.

அடுத்து, தெருவில் ஒருவரிடம் சொல்லுங்கள். ஒருவர் போதும். யாருக்கு எந்த வேலை காலியாகிறது என்று தெரிந்தவராக இருந்தால் நல்லது. எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன் அப்படிப்பட்டவர். பத்து வீட்டுத் துணி அவர் வண்டியில் இருக்கும், பத்து வீட்டுச் செய்தியும் இருக்கும்.

மூன்றாவது மளிகைக் கடை. அவர் கேட்கும் முன்னால் நீங்கள் போங்கள். நான் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணாச்சி, அவருக்கு வேலை நின்னுடுச்சு. இந்த மாசம் பாக்கியில பாதிதான் தர முடியும். மீதியை ரெண்டு மாசத்துல தந்துடுறேன். அதுவரைக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் தவிர வேற எதுவும் கணக்குல எழுத வேண்டாம்." கடைசி வரிதான் முக்கியம். பிஸ்கட்டும் ஷாம்பும் கணக்கில் ஏறாது என்று நாமே சொல்லிவிட்டால் கடைக்காரருக்கு நம்பிக்கை வருகிறது.

சொல்வதற்கு வெட்கமாக இருந்தால் ஒன்று நினைத்துப் பாருங்கள். பின்னி மில் தொழிலாளர்கள் பெரம்பூரில் செல்வபதி செட்டியார் கடைக்கு வந்து தங்கள் கஷ்டத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்தது. நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. சங்கத்தின் முதல் தலைவரான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அந்தப் பேச்சுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு கடையும், வாயைத் திறந்து சொன்ன சில பேரும்தான் இருந்தார்கள்.

அந்த வாரத்திலேயே: கம்பெனியிலிருந்து வாங்க வேண்டியவை

கோபத்தில் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். கேட் மூடியிருந்தாலும் அலுவலகத்தில் யாராவது இருப்பார்கள். சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண், ஈஎஸ்ஐ எண், இத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்ற சான்று, இவற்றை வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் ஆளும் இருக்காது, கோப்பும் இருக்காது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று எழுதிய தாளில், பணம் கைக்கு வந்து, எண்ணிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பணிக்கொடை உண்டு. ஒரு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கு. காண்டிராக்ட் ஆள் என்பதால் கிடையாது என்று யாராவது சொன்னால், அதை நம்பித் திரும்பி வராமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஈஎஸ்ஐ பிடித்திருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். வேலை இழந்தவருக்கு அதிகபட்சம் 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி தரும் திட்டம் ஈஎஸ்ஐயில் உண்டு, வாழ்நாளில் ஒரு முறை. இப்போது நடப்பில் இருக்கிறதா, உங்களுக்குப் பொருந்துமா என்று கிளை அலுவலகத்தில் சொல்வார்கள். எங்கள் பக்கம் இதைக் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரே தாளில் எல்லாக் கடனும்

ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து, ஒரு முழு வெள்ளைத் தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வாங்கிய கடன் இருந்தால் அதுவும் அன்று வந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் நான் எதிர்வீட்டு அக்காவிடம் கைமாற்றாக வாங்கிய 1,500 அன்றுதான் வெளியே வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தாளில் எழுதிக்கொண்டார்.

எழுதும்போது நாலு கட்டம் போடுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, தராவிட்டால் என்ன ஆகும். கடைசிக் கட்டம்தான் வரிசையைச் சொல்லும். சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுக்கக் கூடாது. அடகுக் கடையில் நகை முழுகிப்போகும் தேதி எது, கரண்ட் பில் கடைசி நாள் எது, வீட்டு வாடகை எது, அதுதான் முதலில். கைமாற்றுக் கொடுத்த சொந்தக்காரர் கடைசியில் வரலாம், ஆனால் அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். நகை வங்கியில் இருந்தால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று தேதிக்கு முன்பே கேளுங்கள்.

தண்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்து வீடுகளைச் சாய்ப்பது அதுதான். 10,000 என்று பேசுவார்கள். கையில் வருவது 8,500. தினமும் 100 ரூபாய், 100 நாள். "ஒரு நாளைக்கு நூறு ரூபாதானே, டீ செலவு" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம், எனவே அந்த 8,500-உம் 100 நாள் முழுக்க நம்மிடம் இருப்பதில்லை. சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. ஏறக்குறைய 4,250-ஐ மூன்று மாதம் பத்து நாள் வைத்திருந்ததற்கு 1,500 வட்டி. மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து, அதாவது பத்து வட்டிக்கும் மேலே. மூணு வட்டி என்றாலே யோசிக்கும் நாம், இதை டீ செலவு என்று நம்புகிறோம். நடுவில் நாலு நாள் தவறினால் அதற்குத் தனியாக அபராதம்.

வேலை போன வாரத்தில் புதுத் தண்டல் எடுக்காதீர்கள். இருக்கும் தண்டலை அடைக்க இன்னொன்று எடுக்கவே எடுக்காதீர்கள். அப்பா செய்தது அதுதான். அந்த மனிதரைக் கூப்பிட்டு, தெருவில் இரண்டு பெரியவர்களை வைத்துக்கொண்டு, "நூறு முடியாது, நாற்பது தர்றோம், நாள் எண்ணிக்கையைக் கூட்டிக்குங்க" என்று பேசுங்கள். பத்தில் ஏழு பேர் ஒப்புக்கொள்கிறார்கள், அவர்களுக்கும் பணம் வர வேண்டும். மிரட்டினால், வீட்டுப் பெண்களைத் தப்பாகப் பேசினால், கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 வரை அபராதம். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், நாலு பெண்களாகப் போங்கள்.

குழு லோன் என்று வாரத் தவணை கட்டும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வேறு வகை. அதற்கு ரிசர்வ் வங்கி விதி உண்டு: காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு வந்து தொந்தரவு செய்யக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், இந்த விதியை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கிப் புகாருக்கு 14448. கட்டாயப்படுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

கடனை நினைத்து ராத்திரி தூக்கம் போய், மனசு தப்பாக யோசிக்க ஆரம்பித்தால் 104-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் இன்னொருவர் அப்படி இருப்பதாகத் தோன்றினால் அவரைத் தனியாக விடாதீர்கள். இதை எழுதும்போது என் கண்முன் ஒரு வீடு நிற்கிறது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அடுப்பு

ரேஷன் கடையை விட்டுவிடாதீர்கள். வேலை இருந்தபோது "அந்த அரிசி யார் சாப்பிடுவது" என்று விட்ட வீடுகள் உண்டு. அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதத் தொடக்கத்திலேயே போனால் பருப்பும் எண்ணெயும் கிடைக்கும், கடைசி வாரத்தில் போனால் வெறும் பையோடு வரலாம். அட்டையில் ஆதார் சேராத பெயர், இறந்தவர் பெயர் எல்லாவற்றையும் முன்பே சரிசெய்யுங்கள்.

ரேஷன் புழுங்கல் அரிசியில் நல்ல இட்லி வராது என்பார்கள். வரும். நான் வீட்டுக்குச் செய்வது அப்படித்தான் (கடைக்கு ரேஷன் அரிசியைப் போடக் கூடாது, போடுவதும் இல்லை). நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். அரிசியை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டு, இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவ வேண்டும். முதல் தண்ணீர் மோர் மாதிரி வரும், கூடவே அந்தப் பழைய வாடையும் வரும். நாலாவது, ஐந்தாவது தண்ணீர் தெளியும்போது வாடை போயிருக்கும். அதன் பிறகு ஆறு மணி நேரம் ஊற வேண்டும், கடை அரிசியைவிட இரண்டு மணி நேரம் கூடுதல். உளுந்தைத் தனியாக, ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து, விரலால் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் மிதக்கிற பதத்துக்கு ஆட்டுங்கள். அரிசி ஆட்டும்போது ஒரு பிடி நனைத்த அவல், அவல் இல்லாவிட்டால் நேற்றைய சோறு ஒரு கைப்பிடி. இட்லி மெத்தென்று வரும்.

காசிமேட்டில் காலையில் ஏலம் முடிந்த பிறகு காரப்பொடி மீனும் நெத்திலியும் கூறு போட்டு விற்பார்கள், நூறு ரூபாய்க்குள் ஒரு வீட்டுக்கு இரண்டு வேளைக் குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது விலையும் ஏறும், மீன்கார அம்மாக்கள் வீட்டில் வருமானமும் நிற்கும். அந்த இரண்டு மாதத்தில் அவர்களிடம் கருவாடு வாங்குங்கள். வேலை தேடி அலைகிற நாளில் வெளியே சாப்பிட நேர்ந்தால் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோது வைத்த விலைதான்: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அங்கே சாப்பிடுவதில் எந்தக் குறைவும் இல்லை, டை கட்டின பிள்ளைகளும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பிள்ளைகளின் பள்ளியை மட்டும் நிறுத்தாதீர்கள். கட்டணம் கட்ட முடியாவிட்டால் அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள், ஐந்தாவது வரைக்கும் காலை உணவு அங்கேயே கிடைக்கிறது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. என் மகள் அதை வாங்கித்தான் பஸ் இல்லாத நாளில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தாள், புத்தகமும் வாங்கினாள்.

சுகர், பிரஷர் மாத்திரையைச் செலவு என்று நிறுத்துவது இன்னொரு பெரிய தப்பு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்திலும் இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வருகிறது. வருட வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். ஆபரேஷன் என்று ஆன பிறகு ஓடுவதைவிட இப்போதே எடுப்பது சுலபம்.

தெருப் பெட்டி

இது வேலை போன வீட்டுக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே உரியது. எங்கள் தெருவில் 18 வீடு சேர்ந்து ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, வாரம் 50 ரூபாய். வாரத்துக்கு 900, வருஷத்துக்கு 46,800. யாருக்கும் வட்டி கிடையாது. அவசரத்துக்கு அதிகபட்சம் 3,000 கடன், வாரம் 300 வீதம் பத்து வாரத்தில் திரும்பிவிட வேண்டும். கேஸ் சிலிண்டர், மருந்து, பரீட்சைக் கட்டணம், கரண்ட் பில், சாவுச் செலவு, இதற்கெல்லாம் உண்டு. விசேஷத்துக்கு இல்லை, குடிக்கு இல்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதலில் ஐந்து வீட்டோடு தொடங்குங்கள். பெட்டி ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில், நோட்டு மூன்றாவது வீட்டில். மூவரும் ஒரே குடும்பமாக, ஒரே சாதிக்காரராக இருக்க வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் நோட்டை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பெட்டியைத் திறந்து எண்ண வேண்டும். படிக்காமல் விட்ட இரண்டு வாரத்தில்தான் சந்தேகம் முளைக்கிறது. தொகையை மட்டும் படிப்போம், எதற்காக வாங்கினார் என்ற காரணத்தை நோட்டில் எழுதுவதே இல்லை. மகளுக்குக் குழந்தை கலைந்து ஆஸ்பத்திரிக்கு வாங்கியவரும் இருப்பார், அது பதினேழு வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டி வைத்திருக்கும் மூவருக்குத் தெரிந்தால் போதும்.

முதல் வருஷம் ஒரு தப்புச் செய்தோம். ஒரு தம்பி தண்டலை அடைக்கப் பணம் கேட்டார், இரக்கப்பட்டுக் கொடுத்தோம். அடைத்தார், மறு வாரமே அதே ஆளிடம் மறுபடி எடுத்தார். எங்கள் பணமும் வரவில்லை, கோபத்தில் இரண்டு வீடு விலகிப்போனது. இப்போது தண்டலை அடைக்கக் கொடுப்பதாக இருந்தால், அந்தத் தண்டல்காரரே வந்து, கையெழுத்து வாங்கி வைத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் எங்கள் முன்னால் கிழித்துப்போட வேண்டும். பணம் அவர் கைக்கு நேராகப் போகும். இந்த விதி வந்த பிறகு அந்த வழியில் மோசம் போனதில்லை.

இன்னொரு விதி, எனக்கு மிகப் பிடித்தது. ஒரு வீட்டில் வேலை போய்விட்டால் அவர்களுடைய வாரம் 50 ரூபாய் நின்றுவிடும், ஆனால் பெயர் நோட்டில் இருக்கும். முன்பு அந்தப் பெயருக்கு நேரே "பாக்கி" என்று எழுதிக்கொண்டிருந்தோம். பாக்கி என்று எழுதிய வாரத்திலிருந்து அந்த வீட்டு அக்கா கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார், தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கக்கூட நாங்கள் போன பிறகுதான் வந்தார். அப்புறம் மீன் விற்கும் பெரியம்மா ஒருத்தர்தான் சொன்னார், "பாக்கின்னு ஏன் போடுறீங்க, தடைக்காலம்னு போடுங்க" என்று. மீன்பிடித் தடை மாதிரி, கடலுக்குப் போகாத நாள் கணக்கில் வராது, படகு அவருடையதாகவே இருக்கும். இப்போது எங்கள் நோட்டில் 'தடைக்காலம்' என்றுதான் எழுதுகிறோம். அந்த அக்கா அடுத்த ஞாயிறே வந்து உட்கார்ந்தார்.

பெட்டியில் 20,000-க்கு மேல் சேர்ந்தால் வீட்டில் வைக்காதீர்கள். பெண்கள் 12 முதல் 20 பேர் இருந்தால் சுய உதவிக் குழுவாகப் பதிந்து வங்கிக் கணக்குத் தொடங்கலாம். மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கியது இந்தக் குழு முறை, வங்கிக் கடன் வாங்க இதுதான் நேரான வழி. அதோடு, பரிசு தருகிறேன், தீபாவளிக்குப் பாத்திரம் தருகிறேன் என்று வருகிறவரிடம் சீட்டுக் கட்டும் முன் அது பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். முகம் தெரிந்தவர் என்பது பதிவு ஆகாது.

கை வேலை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு ரவிக்கைக்குக் கொக்கி வைக்கவும், புடவைக்கு ஃபால்ஸ் தைக்கவும், சுடிதாருக்குப் பிசிறு வெட்டவும் எப்போதும் ஆள் தேவை. தனியாகப் போய்க் கேட்டால் ஒரு விலை, ஐந்து பெண்கள் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் வேறு விலை. துணியை எண்ணி, எழுதி வாங்குங்கள். ஒரு முறை எண்ணாமல் வாங்கி, இரண்டு புடவை குறைகிறது என்று ஒரு கடையில் எங்கள் ஒரு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

சின்னக் கடை போடுவதாக இருந்தால் மாநகராட்சியில் தெருவோர வியாபாரி அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். 2014 சட்டப்படி அது நம் உரிமை, கடன் திட்டத்துக்கும் அதுதான் கேட்பார்கள். வீட்டு வேலை, ஆட்டோ, கட்டட வேலை, தையல் என்று எதில் இறங்கினாலும் அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். பிள்ளை படிப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு. புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடாதீர்கள்.

மழைக்கு முன்னால்

எங்கள் பக்கம் கஷ்டம் தனியாக வராது, மழையோடு வரும். கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பினால் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பெட்டியின் நோட்டு ஊறி, மை கரைந்து, ஒன்றரை வருஷக் கணக்கு நீலத் தண்ணீராகப் போனது. நல்ல வேளை, ஒவ்வொரு வாரமும் வாய்விட்டுப் படித்ததால் எல்லோரும் அவரவர் கணக்கை ஞாபகமாகச் சொன்னார்கள். இரண்டு வீட்டுக்கு மட்டும் ஐம்பது ரூபாய் முன்பின். இப்போது இரண்டு நோட்டு, ஒன்று மாடி வீட்டில். ஞாயிறுதோறும் பக்கத்தைப் படம் எடுத்து மூன்று செல்போனில் வைக்கிறோம்.

அக்டோபர் முதல் வாரமே ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், நகை ரசீது எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பரணில் இல்லை, கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிடுங்கள். இருட்டில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். தெருவில் படுக்கையில் இருப்பவர், நிறைமாதக்காரி, தனியாக இருக்கும் கிழவர், இவர்கள் வீட்டுக்கு எந்த இரண்டு பேர் போவது என்று முன்பே பேசி வையுங்கள். அரிசி ஐந்து கிலோ, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, குழந்தைக்குப் பால்பவுடர் மாடி வீட்டில் ஒரு டிரம்மில் இருக்கட்டும். பெட்டிப் பணத்தில் வாங்குங்கள். தண்ணீர் வடிந்த பிறகு அந்த அரிசியைப் பொங்கி எல்லோரும் சாப்பிட்டுவிடுங்கள், அடுத்த வருஷத்துக்குப் புழு வைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

பக்கத்து வீட்டில் ஆம்பளை வேலைக்குப் போகாமல் இருக்கிறார், ஜன்னல் மூடியிருக்கிறது, வழக்கமாக வரும் தாளிப்பு வாசனை வரவில்லை. அப்போது குழம்புக் கிண்ணத்தோடு போய் நிற்காதீர்கள். வாங்கிக்கொள்வார்கள், ஆனால் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது அதில் என்ன வைத்துத் தருவது என்று அந்த அம்மா தவித்துப்போவார். நான் அந்தத் தவிப்பில் இருந்திருக்கிறேன். என் அம்மா ஒரு முறை காலிக் கிண்ணத்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தார், வீட்டில் இருந்த கடைசிச் சர்க்கரை.

அவர்களிடம் ஒரு உதவி கேட்டுப் போங்கள். நான் இப்படித்தான் கேட்பேன்: "அண்ணே, கிரைண்டர் கல்லைத் தூக்க முடியல, ஒரு கை குடுங்களேன்." அவர் வருவார். கல்லைத் தூக்கி வைப்பார். டீ போடுவேன், உட்காருவார். மாவு வழிகிற பாத்திரத்தை நகர்த்தி வைக்கச் சொல்வேன், அதையும் செய்வார். வேலையைப் பற்றி நான் கேட்க மாட்டேன். டீ பாதி குடித்திருக்கும்போது, பெரும்பாலும் அவரே ஆரம்பிப்பார்.